“தம் லாக்தோ கா?” - ரஞ்சன்காவ் தவாகானாக்களில் நம்மவர் படும் பாடு

(நமது பகுதி நேர நிருபர்)

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ் வரும். 2024 வரை அகமத்நகர் என்று பெயர் சொன்ன அதே ஊருக்குப் போகும் சாலைதான். அஷ்ட விநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் இங்கே இருப்பதால், மகாராஷ்டிரம் முழுவதிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். நம்மவர்கள் வந்தது வேறு காரணத்துக்காக. ஊரை ஒட்டி இருக்கும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் எல்.ஜி., வேர்ல்பூல், ஃபியட் முதலிய பெரிய தொழிற்சாலைகளும், அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சிறிய பட்டறைகளும் இருக்கின்றன. ஃபிட்டர், வெல்டர், கேண்டீன் சமையல்காரர், லாரி டிரைவர், ஸ்டோர் கிளார்க் என்று பலவித வேலைகளில் தமிழர்களும் இருக்கிறார்கள்.

மாலையில் ஷிப்டு விட்டதும் இவர்களில் சிலர் அறைக்குப் போகாமல் நேராக தவாகானாவுக்குப் போகிறார்கள். தவாகானா என்றால் மராத்தியில் வைத்தியசாலை. ஒரு ஷட்டர் கடை, இரண்டு பெஞ்சு, ஒரு திரை, திரைக்குப் பின்னால் டாக்டர். முன்கூட்டிப் பதிவு கிடையாது. போனோமா, பெயர் சொன்னோமா, பிளாஸ்டிக் டோக்கனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோமா, அவ்வளவுதான். காலையில் கொஞ்ச நேரம், மாலை ஆறு மணிக்கு மேல் இரவு வரை. பீகார்காரர், ஒடிசாக்காரர், மராத்வாடாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், நம்மவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு வாராந்திர ஓய்வு கிடைத்த சில நாட்களில் இந்த பெஞ்சுகளில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். எங்களைப் போன்ற இரயில்வே சிப்பந்திகளுக்கு இரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. கார்டைக் காட்டினால் வேலை முடிந்தது. கம்பெனித் தொழிலாளிக்கும் அப்படி ஒரு ஏற்பாடு சட்டப்படி இருக்கிறது. ஆனால் அது தன் சட்டைப் பையிலேயே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், தவாகானாவுக்குப் போவது தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் சம்பளம் போகும். அட்டெண்டன்ஸ் போனஸ் இருக்கும் இடங்களில் அதுவும் போகும். ஷிப்டு முடிந்தபின் திறந்திருப்பது இந்த ஷட்டர்தான். போர்டில் எம்.பி.பி.எஸ். என்று இராமல் பி.ஏ.எம்.எஸ். என்று இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. அது ஆயுர்வேதப் பட்டம். நம் ஊரில் சித்த வைத்தியர்களுக்கு இருப்பது போல. மகாராஷ்டிரத்தில் ஆயுர்வேதப் பட்டதாரிகள் ஆங்கில மருந்தும் கொடுக்க மாநில அரசு அனுமதித்திருக்கிறது. நான் பார்த்த வரையில் டாக்டர்கள் பொறுமைசாலிகள். ஒருவர் “எத்தனை நாள்?” என்ற ஒரே தமிழ்க் கேள்வியைக் கற்றுவைத்திருந்தார். பதில்தான் அவருக்குப் புரியவில்லை!

தம், கால், சக்கர்

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெல்டிங் ஹெல்பருக்கு நாற்பது வயதிருக்கும். மூன்று வாரமாக இருமல். தவாகானாவில் டாக்டர் கேட்டார்: “தம் லாக்தோ கா?”

இவர் பலமாகத் தலையாட்டினார். “நஹி, நஹி.”

டாக்டர் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி போனார். மறுபடி அதே கேள்வி, அதே பதில், அதே மருந்து. “பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை அண்ணே. தம் அடிப்பியா, தம் அடிப்பியான்னு திரும்பத் திரும்பக் கேட்டா கோபம் வராதா?” என்று என்னிடம் கேட்டார்.

மராத்தியில் “தம் லாக்தோ கா?” என்றால் “மூச்சு வாங்குகிறதா?” என்று அர்த்தம்! இவருக்கோ இரண்டாவது மாடி அறைக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. இருமலைவிட முக்கியமான அந்தச் சங்கதி டாக்டருக்குப் போய்ச் சேரவே இல்லை.

இது ஒன்று மட்டுமல்ல. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் முழங்காலைத் தட்டிக் காட்டி “கால், கால்” என்றார். மராத்தியில் கால் என்றால் நேற்று. “காலா? ஆஜ் நஹி?” என்றார் டாக்டர். நேற்று வலித்ததா, இன்று இல்லையா என்பது கேள்வி. காலுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை பாய். நாம் படுக்க விரிப்பது!

“சக்கர் யேதே கா?” என்பது இன்னொன்று. தலை சுற்றுகிறதா என்று அர்த்தம். “சர்க்கரையெல்லாம் இல்லீங்க, போன வருஷமே டெஸ்ட் பண்ணியாச்சு” என்று பதில் சொன்ன ஒரு பெரியவரைக் கண்ணால் பார்த்தேன். தலைசுற்றல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவர். பித்தம் என்ற சொல் இரண்டு மொழியிலும் உண்டு. ஆனால் நாம் மயக்கத்தையும் குமட்டலையும் பித்தம் என்போம். இவர்கள் நெஞ்செரிச்சலைத்தான் பெரும்பாலும் பித்தம் என்கிறார்கள். பித்தம் என்று சொன்னால் அமில மாத்திரை கைக்கு வரும்.

கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் 2025 ஜனவரியில் புனேயில், முக்கியமாக சிங்ககட் சாலைப் பகுதியில், கில்லன் பாரே என்ற நரம்பு நோய் பரவியதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. அசுத்தமான தண்ணீரில் பரவும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமிக்கு அதில் பங்கு இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்ற சில நாளில் பாதத்தில் மதமதப்பு, பிறகு கால் பலமிழந்து போவது. அப்படிப்பட்ட நேரத்தில் “கால்” என்று சொல்லி, கேட்பவர் “நேற்று” என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும்?

ஆகையால் சில வார்த்தைகளைப் பழகிக்கொள்வது நல்லது. தாப் என்றால் காய்ச்சல். கோக்லா இருமல். ஜுலாப் வயிற்றுப்போக்கு. உல்ட்டி வாந்தி. போட் வயிறு, சாத்தி நெஞ்சு, டோக்க தலை. வலிக்கிறது என்பதற்கு துக்தய். வார்த்தை வராவிட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எத்தனை நாளாக என்பதை விரலால் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து அறை மராத்திக்காரர் ஒருவரை அழைத்துப் போனால் இன்னும் உத்தமம்.

தென்காசிக்காரருக்கு அப்படித்தான் விடிவு வந்தது. உடன் வேலை பார்க்கும் சோலாப்பூர்க்காரர் ஒருவர் மூன்றாவது தடவை கூடப் போய் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் உடனே மருந்தை நிறுத்திவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குச் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு விதி. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. சிகிச்சை நடக்கும் வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2018ல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பாக்கிய தொகை இது. ஊருக்குப் போக வேண்டியிருந்தால், பதிவு எண்ணைச் சொல்லி தென்காசியிலேயே சிகிச்சையைத் தொடரலாம். அவர் இப்போது நான்காவது மாதத்தில் இருக்கிறார். மாடி ஏற நிற்பதில்லை.

பாட்டில் மோகம்

சலைன் பாட்டில் பற்றி ஒரு வார்த்தை. “ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர், தெம்பா இருக்கும்” என்று நம்மவர்களே கேட்கிறார்கள். டாக்டரும் மறுத்தால் ஆள் அடுத்த ஷட்டருக்குப் போய்விடுவான் என்று ஏற்றிவிடுகிறார். அரை லிட்டர் சாதாரண சலைனில் இருப்பது நாலரை கிராம் உப்பு. மீதியெல்லாம் தண்ணீர். வாயால் குடிக்க முடிகிறவனுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். வாந்தி நிற்காமல் எதுவும் உள்ளே தங்காதவனுக்குத்தான் பாட்டில்.

வலி ஊசி விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் டெங்கு வருவது வழக்கம். டெங்குக் காய்ச்சலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வகை மருந்துகள் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாரசிட்டமால் மட்டுமே பத்திரம். உடம்பு முறிக்கிறது என்று நாமாக இடுப்பைக் காட்டக் கூடாது.

பெயரில்லாப் பொட்டலம்

சிறிய தவாகானாக்களில் மருந்துச் சீட்டு எழுதுவது குறைவு. டப்பாவிலிருந்து மாத்திரையை எண்ணி, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு, மஞ்சள் பாதி. கடையில் தனியாக வாங்க வேண்டியதில்லை என்பதால் ஏழைக்கு வசதிதான். ஆனால் மறுநாள் உடம்பெல்லாம் தடித்துவிட்டால், அடுத்த டாக்டர் கேட்கும் முதல் கேள்வி “என்ன மாத்திரை சாப்பிட்டாய்?” என்பது. சிவப்பு மாத்திரை என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

“சிட்டி லிஹூன் த்யா” என்று கேளுங்கள். சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். பெயர், தேதி, என்ன நோய், என்ன மருந்து இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். நான் பார்த்ததில் கேட்டவர்களுக்கு மறுக்கவில்லை. கேட்டவர்கள்தான் குறைவு.

இரண்டு விரல் கதை

சீட்டு இல்லாததால் ஒரு மனிதர் எவ்வளவு இழந்தார் என்பதைச் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டத்துக்காரர். காண்டிராக்டர் மூலம் பிரஸ் ஷாப்பில் வேலை. நாள் கூலி 500 ரூபாய். ஒரு இரவு ஷிப்டில் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி நசுங்கிவிட்டது. சூபர்வைசர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். தையல் போட்டார்கள். பில் 1,800 ரூபாயைக் காண்டிராக்டர் கொடுத்தார். “பாத்தீங்களா, நம்ம ஆளு நல்லவரு” என்று இவரும் சந்தோஷப்பட்டார். கிளினிக் நோட்டில் கதவு இடுக்கில் நசுங்கியது என்று எழுதப்பட்டிருந்தது. இவருக்கு மராத்தி படிக்கத் தெரியாது. மூன்று வாரம் அறையில் படுத்திருந்தார். சம்பளம் கிடையாது.

இவர் சம்பளத்தில் மாதா மாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் இருக்கிறது. அப்படியானால் இவருக்கு என்ன உரிமை?

தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தில் முதலில் வந்தது கோயம்புத்தூரில், 1955ல். மில் தொழிலாளர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடிப்பது சுமார் 113 ரூபாய்.

வேலையில் காயம் பட்டு உழைக்க முடியாமல் போனால், குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காயம் பட்டாலும் உண்டு. காண்டிராக்டர் ஆளுக்கும் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ சாலையில் விபத்து நேர்ந்தாலும், வேலையோடு தொடர்பு இருந்தால் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதுவும் வேலைக் காயமாகவே கணக்கு. நெடுஞ்சாலையை இருட்டில் குறுக்கே கடக்கும் நம்மவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 450 ரூபாய் வீதம் 21 நாளுக்கு 9,450 ரூபாய். காண்டிராக்டர் கொடுத்தது 1,800. அதுவும் விரல் நுனி போனதற்கு நிரந்தர ஊன நஷ்ட ஈடு உண்டா என்று மருத்துவக் குழு பார்க்க வேண்டியது தனி.

இதற்கெல்லாம் அஸ்திவாரம் விபத்து அறிக்கை. தொழிற்சாலையின் விபத்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஈ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். இவர் விஷயத்தில் மூன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், அதே அறையில் தங்கியிருக்கும் ஸ்டோர் கிளார்க் ஒருவர் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அறிக்கை தாமதமாகப் போனது. சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து சில நாளுக்குப் பணம் வந்தது. முன்னால் போன நாட்களுக்கு, கதவு இடுக்கு என்று எழுதிய அந்த ஒரு வரி குறுக்கே நிற்கிறது. இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். கூட அலைபவர் அந்தக் கிளார்க்.

சாதாரண நோய்க்கும் இதே கதைதான். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், உரிய காலத்தில் நோய் விடுப்புக்கு 70 சதவீதக் கூலி, வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால் தவாகானா டாக்டர் கொடுக்கும் காகிதம் இதற்குத் தானாகச் செல்லாது. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி அல்லது அவர்களுடைய பேனல் டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இன்னொரு ஏமாற்றம்: காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டுவிடுகிறார்கள். 78 நாள் இரண்டாகப் பிரிந்து எதிலும் சேராமல் போகிறது. ஆளுக்கு ஒரே எண்தான். வேலைக்குச் சேரும்போதே பழைய எண்ணை எழுதிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-2526 என்ற இலவசத் தொலைபேசியில் கேட்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதானால்

தவாகானாவில் தீராததற்குச் சிரூரில் அரசு கிராமிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டுக்காரர்களுக்கு சிஞ்ச்வட் மோகன்நகரிலும், புனே பிப்வேவாடியிலும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அவுந்தில் மாவட்ட ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் பெரியது சசூன். டேவிட் சசூன் நன்கொடையில் எழுந்து 1867ல் திறக்கப்பட்டது. புனே ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற வந்தவர்கள் காய்ச்சலோடு பிளாட்பாரத்தில் படுத்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்; பத்து நிமிஷ நடையில் ஆஸ்பத்திரி இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இங்கெல்லாம் முதல் வேலை கேஸ் பேப்பர் போடுவது. மாநிலச் சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளில் 2023 ஆகஸ்ட் 15லிருந்து கேஸ் பேப்பர் முதல் சிகிச்சை வரை இலவசம் என்று அரசு அறிவித்தது. சசூன் மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்தது. அங்கே கணக்கு வேறு. தமிழ்நாட்டு ரேஷன் கார்டோ ஆதாரோ வைத்திருக்கிறோமே, பார்ப்பார்களா என்று பயப்படுகிறார்கள். வெளிநோயாளி சீட்டுக்கு எந்த மாநிலத்துக்காரர் என்பது தடையில்லை. மகாத்மா ஃபுலே இன்சூரன்ஸ் திட்டத்தில் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளும்போதுதான் மகாராஷ்டிர ரேஷன் கார்டு என்ற கேள்வி வரும். நெஞ்சு வலி, விபத்து போன்ற அவசரத்துக்கு 108. மகாராஷ்டிரத்தில் 2014லிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் “ரஞ்சன்காவ் கண்பதி, சிரூர் தாலுகா” என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேறு ரஞ்சன்காவ்களும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன.

இன்னொரு சலுகை பலருக்குத் தெரியாது. ஈ.எஸ்.ஐ. வைத்தியம் தொழிலாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உண்டு. அவரை நம்பியிருக்கும் தாய் தந்தையரும் அதில் சேர்வார்கள். குடும்பம் ஊரிலேயே இருந்தால், அங்கே பக்கத்திலுள்ள டிஸ்பென்சரியைக் குடும்பத்துக்கென்று தனியாக எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை கே.கே.நகர், அயனாவரம், கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் பல.

நான் மேலே சொன்ன ஸ்டோர் கிளார்க்குக்கு இது தர்மபுரிக்காரர் விரலுக்காக அலைந்தபோதுதான் தெரிய வந்தது. அவருடைய தாயாருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. மாத்திரைக்கென்று மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்பி வந்தார். இப்போது தாயார் திருநெல்வேலியில் கார்டைக் காட்டி வாங்கிக்கொள்கிறார். அதைக் கேள்விப்பட்ட பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து இவரிடம் நீட்டுகிறார்கள். நான் கடைசியாகப் போன அன்று, ஒரு அட்டைப் பெட்டியை மேஜையாக வைத்து ஐந்தாவது ஆளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். பெஞ்சு இல்லாததால் மற்ற நாலு பேர் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.